அத்தியாயம் 7: தை முதல் பங்குனி வரை – பழவேற்காட்டுக் கரையில் நீர் சூடேறும் பருவம்

பொங்கல் கழிந்து ஊர் அடங்கியதும் திருவள்ளூர் மாவட்டக் கரையில் தூண்டில்காரருக்கு நல்ல காலம் பிறக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. அதுவரை ஏறக்குறைய மூன்று மாதங்கள், கடல் இறங்கி, நீர் தெளிந்து, மீன் கரைக்கு நெருங்கி வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கிடைக்கும் அந்த ஒரு நாளில் எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்குப் போவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் மீன் இருக்கும் இடத்தை உப்பு, சூடு, முகத்துவாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மீன் இரையெடுக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தையில் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். பங்குனியில் வெயிலை முந்திக்கொள்ளுங்கள். மாசியில் இரண்டுக்கும் நடுவே, ஓதத்தைப் பார்த்து நடங்கள். இனி வருவதெல்லாம் இந்த விதியின் விளக்கம்தான்.

நீரில் என்ன நடக்கிறது

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்முனைதான் நம்முடையது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காலங்கியாறும் வந்து விழுகின்றன. பக்கிங்காம் கால்வாய் ஊடே போகிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா நிலத்திட்டு கடலை மறைத்து நிற்கிறது. இத்தனை பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் 1 மீட்டரை ஒட்டித்தான். இந்த ஆழக்குறைவே எல்லாவற்றுக்கும் சாவி. வெயில் அடித்தால் ஏரி சில மணி நேரத்தில் சூடாகிவிடும். வானம் தெளிந்து பனி கொட்டும் இரவில் அதே வேகத்தில் குளிர்ந்துவிடும். கடல் அப்படி இல்லை, அது வாரக்கணக்கில்தான் மாறும்.

சென்னைக்கு வடக்கே கடலின் மேல்நீர் மார்கழி, தையில் 26 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பங்குனியில் 28-ஐத் தொட்டு, சித்திரை வைகாசியில் 29, 30 என்று போகும். ஆக, ஆண்டு முழுவதும் கடலில் ஏற்ற இறக்கம் நாலைந்து டிகிரிதான். யூடியூபில் டெக்சாஸ், புளோரிடாக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு அப்படியே இங்கே செய்யக் கூடாது என்பது இதனால்தான். அங்கே குளிர்காலக் கடைசியில் விரிகுடா நீர் 15 டிகிரிக்கும் கீழே போய், மீன் மரத்துப்போய் ஆழத்தில் கிடக்கும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் அதன் நடமாட்டம் மாறும். நம் கடலில் குளிரால் மீன் முடங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்து கொட்டிய நன்னீர் வெளியேறுவதும், அந்த இடத்துக்குக் கடலின் உப்பு நுழைவதும்தான் இங்கே பெரிய மாற்றம். சூடு அதற்கு அடுத்த இடத்தில்தான்.

நமக்கு நெருங்கிய உதாரணம் வட ஆஸ்திரேலியா. நம் கொடுவாவைத்தான் அங்கே பாராமுண்டி என்கிறார்கள். அங்கே மழைக்காலம் முடிந்து வெள்ளச் சமவெளிகள் வடியும்போது, ஓடை கடலோடு சேரும் இடங்களில் கொடுவா வந்து காத்து நிற்கும். வடியும் நீரோடு வரும் குஞ்சு மீனையும் இறாலையும் அடித்துத் தின்னும். தூண்டில்காரர்கள் அதற்காகவே அந்த மாதங்களை எதிர்பார்த்திருப்பார்கள். அதே மீன், அதே குணம். நமக்கு அந்த வடிகாலம் தையில் வருகிறது.

இதே நாள்களில் கடலுக்குள்ளும் ஒரு திருப்பம் நடக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். சென்னைக் கரை மீனவர்கள் அதை வன்னி என்பார்கள். மாசி வாக்கில் அது திரும்பி, தெற்கிலிருந்து வடக்கே போகும் தெண்டி பிடித்துவிடும். மழை கலந்த கலங்கல் நீர் நகர்ந்து, உப்பு மிகுந்த தெளிநீர் கரைக்கு வரும். காலையில் ஈயக்குண்டு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். தெற்கே இழுத்தால் பருவம் இன்னும் திரும்பவில்லை. வடக்கே இழுத்தால் திரும்பிவிட்டது.

உப்பு ஏறிவிட்டதா என்று கண்டுபிடிப்பது

இறால் பண்ணைக்காரர்களிடம் இருக்கும் உப்புமானி உங்களிடமும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண்ணால் தெரிந்துகொள்ளலாம். மழைநீர் ஆற்றிலிருந்து ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கியிருக்கும். அது பச்சையாகவே மிதந்தால் நன்னீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இலை விளிம்பு கருகி, தண்டு அழுகி ஒதுங்கிக் கிடந்தால் உப்பு ஏறிவிட்டது. பாலத்தூண்களிலும் நட்ட கழிகளிலும் புதுக் கொட்டலசு வெள்ளைப் பொட்டாக ஒட்டத் தொடங்கியிருந்தால் கடல்நீர் தங்க ஆரம்பித்துவிட்டது. நீரின் நிறமும் சொல்லும்: செம்பழுப்பு பச்சையாகி, பச்சை தெளிந்து, முழங்கால் ஆழத்தில் உங்கள் கால்விரல் தெரிந்தால் மாசி முற்றிவிட்டது.

வாயில் வைத்து ருசி பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஏரியில் எல்லா ஊர்களின் கழிவும் கலக்கிறது.

தை: வெயிலுக்குக் காத்திருங்கள்

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை. வாடைக்காற்று அடங்காத நாள்களில் ஏரியின் மேட்டுப்பகுதி இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும். குஞ்சு மீனும் இறாலும் குளிர் தாங்காமல் ஆழமான கால்வாய்ப் பள்ளத்தில் இறங்கி நிற்கும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் சேற்றில் இறங்கியதும் மேட்டுநீர் மளமளவென்று சூடாகும். கருஞ்சேறு மணலைவிட வெயிலை அதிகம் பிடித்துக்கொள்ளும்; ஆகவே சேற்று மேடுகள் முதலில் உயிர் பெறும்.

பத்தரை மணிக்கு மேற்குக் கரையில், சுண்ணாம்புக்குளம் பக்கமோ அண்ணாமலைச்சேரிப் பக்கமோ, முழங்கால் நீரில் நின்று பார்த்தால் இது புரியும். முதலில் நீர்ப்பரப்பு அசையாமல் கிடக்கும். பிறகு, பள்ளத்தின் விளிம்பில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்ன வளையங்கள் எழும். அவை மடவைக் குஞ்சுகள். வாயை மேலே வைத்து, பாசிப்படலத்தை உறிஞ்சிக்கொண்டே மேட்டுக்கு ஏறுகின்றன. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் பின்னால் நீர் ஓரிடத்தில் மட்டும் உப்பி எழுந்து அடங்கும். கூட்டம் சிதறித் துள்ளும். அந்த உப்பல்தான் கொடுவா. தூண்டிலைக் கூட்டத்தின் நடுவே போடாதீர்கள்; கூட்டம் ஏறி வந்த பள்ளத்தின் வாயில், இரண்டு முழம் பின்னால் போடுங்கள்.

தையில் மிகச் சிறந்த நேரம், முற்பகல் வெயிலும் ஓதம் இறங்கும் வற்றமும் ஒன்றாக வரும் நாள். மேட்டிலிருந்து வடியும் நீர் சூட்டையும் இரையையும் சேர்த்துப் பள்ளத்துக்குக் கொண்டுவரும். பெரிய மீன் அங்கே காத்து நிற்கும்.

தையில் எப்போதாவது காற்றழுத்தத் தாழ்வு வந்து மழை பெய்யும். பெய்தால், முகத்துவாரத்தை ஒட்டிய உப்புநீருக்கு நகர்ந்துவிடுங்கள். ஏரியின் உள்பகுதி இரண்டு மூன்று நாள் ஓய்ந்துவிடும்.

மாசி: ஓதமே கடிகாரம்

இந்த மாதத்தில் சூடு, உப்பு இரண்டும் மீனுக்குத் தோதாக இருக்கும். நாள் முழுவதும் மீன் நடமாடும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் ஓதத்தைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்கள் ஓதம் வலுக்கும். அஷ்டமியை ஒட்டி மந்தமாகும். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அந்த வாரம் முகத்துவாரத்தில் ஓட்டம் நன்றாக இருக்கும்.

நம் கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை முகத்துவாரத்துக்கு ஓரளவு பொருந்தும். ஏரிக்குள் போகப் போக ஓதம் தாமதமாகும், உயரமும் குறையும். எவ்வளவு தாமதம் என்பது முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு கழியில் நீர்மட்டத்தைக் குறித்து, அட்டவணையோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். கிடைக்கும் வித்தியாசம் அந்தப் பருவம் முழுவதும் உதவும்.

மாசியில்தான் கடல் பக்கமும் திறக்கிறது. வாடை ஓய்ந்து, அலை இறங்கி, காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது கடல் படுத்துக் கிடக்கும். லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் பக்கத்து மணற்கரைகளில் முதல் அலை உடைவதற்கும் கரைக்கும் இடையே உள்ள பள்ளம் கிழங்கானுக்குப் பேர்போன இடம்.

பங்குனி: வெயிலை முந்துங்கள்

இப்போது கணக்கு தலைகீழ். நண்பகலில் ஏரியின் மேட்டுநீர் கையை வைத்தால் வெதுவெதுக்கும். சூடும் உப்பும் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் 6.2 அளவுதான். சூட்டில் மீனின் உடலுக்கோ அது கூடுதலாகத் தேவைப்படும். தேவை ஏறி வரத்து குறைவதால், பெரிய மீன் பகலில் பள்ளத்துக்கும் ஓடும் நீருக்கும் போய்விடும். மேட்டுக்கு இரவிலும் விடியலிலும்தான் வரும்.

ஆகவே பங்குனியில் இருட்டோடு போய்ச் சேருங்கள். விடிவதற்கு அரை மணி முன்னும், விடிந்து ஒன்றரை மணி நேரமும்தான் உங்கள் நேரம். அதன்பிறகு பாலத்தின் நிழல், படகுத்துறையின் ஆழம், முகத்துவாரத்தின் ஏற்ற ஓட்டம் ஆகிய இடங்களைத் தவிர வேறெங்கும் நேரத்தைச் செலவிட வேண்டாம். கடலிலிருந்து ஏறி வரும் நீர் ஏரிநீரைவிடக் குளிர்ச்சியாக, தெளிவாக இருக்கும். மீன் அதை நோக்கித் திரும்பும். தையில் வற்றத்தைத் தேடினீர்கள் அல்லவா, பங்குனியில் ஏற்றத்தைத் தேடுங்கள்.

நீர் தெளிந்துவிட்டதால் நரம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். உங்கள் நிழல் நீரில் விழாதபடி நில்லுங்கள். மாலையில் கிழக்கிலிருந்து கடற்காற்று வலுத்து, அலை எழுப்பி, கரையோரத்தைக் கலக்கும். கொஞ்சம் கலங்கினால் நல்லதுதான். பாரையும் காலாவும் அந்தக் கலங்கலில்தான் துணிந்து கரைக்கு வரும்.

முகத்துவாரத்தைப் படிப்பது

இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் வாசல் முகத்துவாரம்தான். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் நுழைந்து வளர்ந்து, வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கடலில் போய் முட்டையிட்டு, குஞ்சுகளை ஏரிக்கு அனுப்புகிறது. முகத்துவாரம் தூர்ந்துபோனால் இந்தப் போக்குவரத்து அறுந்து, அந்த ஆண்டு ஏரியின் விளைச்சலே படுத்துவிடும். மழை வெள்ளம் அதை அகலப்படுத்துகிறது. ஆற்றுநீர் நின்று, மாசிக்குப் பிறகு தெற்கத்திக் காற்று மணலை வடக்கே தள்ளத் தொடங்கியதும் அது குறுகத் தொடங்குகிறது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் தூர்வார வேண்டும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவருவது இதனால்தான்.

தூண்டில்காரர் பார்க்க வேண்டியவை நான்கு. ஒன்று, வற்றத்தின்போது ஏரியின் பழுப்புநீரும் கடலின் பச்சைநீரும் சந்திக்கும் கோடு. அதில் நுரையும் சருகும் வரிசையாக மிதக்கும். இரை அந்தக் கோட்டில் குவியும். தூண்டில் பச்சைநீர்ப் பக்கம் விழட்டும். இரண்டு, ஓட்டம் மணல்திட்டில் மோதித் திரும்பும் சுழிப்பு. ஈயக்குண்டு அங்கே உருளாமல் நிற்கும். மூன்று, ஓட்டம் நின்று திரும்பும் இடைவேளை. பதினைந்து, இருபது நிமிடம்தான் நீடிக்கும். கொடுவா அடிக்கும் வாய்ப்பு அப்போது அதிகம். நான்கு, ஆலாப் பறவைகள். அவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி இறங்கினால் கீழே பெரிய மீன் இரையை மேலே விரட்டுகிறது.

எந்த மீனுக்கு என்ன

கிழங்கான்: இந்தப் பருவத்தில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட ஏற்ற மீன் இல்லை. 0.25 மி.மீ. நரம்பு, 8 அல்லது 10-ஆம் எண் சிறுமுள், ஓட்டத்துக்குத் தக்க சின்ன ஈயக்குண்டு. இரை, உரித்த இறாலின் சிறு துண்டு அல்லது கடற்புழு. மணல் அடியில் மெல்ல இழுத்து இழுத்து நிறுத்துங்கள். கடி இரண்டு சின்னத் தட்டாகக் கோல் நுனியில் தெரியும். முதல் தட்டுக்கு இழுக்காதீர்கள்; இரண்டாவது தட்டில் கோலை மெல்ல உயர்த்தினால் போதும்.

மடவை: தக்கை கட்டி, கோதுமை மாவு உருண்டையைச் சிறுமுள்ளில் வைத்து, நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே நிறுத்துங்கள். கொஞ்சம் மாவைக் கரைத்து முன்கூட்டியே தெளித்தால் கூட்டம் நிற்கும். வாய் மென்மையானது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்.

கொடுவா: 0.40 மி.மீ. நரம்பு, அதன் நுனியில் 0.60 மி.மீ. தடித்த நரம்பு ஒரு முழம். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் கூர்மையானது, மெல்லிய நரம்பை அறுத்துவிடும். இரை, உயிர் இறால் அல்லது விரல் நீள மடவைக் குஞ்சு. செயற்கை இரை என்றால் தையில் மெதுவாகவும் பங்குனியில் வேகமாகவும் இழுங்கள். நீர் சூடாக ஆக மீனின் துரத்தலும் வேகமாகும்.

பாரை, காலா, சீலா: மாசிக் கடைசியிலிருந்து கடற்கரையில். கவலை, நெத்திலிக் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது பின்னாலேயே இவை வரும். கவலைத் துண்டும் வெள்ளி நிற இரும்பு ஜிக்கும் போதும். சீலாவின் பல்லுக்குக் கம்பி முனை தேவை.

கெளுத்தி எப்போதும் கிடைக்கும். அதன் முதுகிலும் இரு பக்கச் சிறகிலும் உள்ள முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். துணியால் அழுத்திப் பிடித்துக் குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

எங்கே போவது

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்குப் பேருந்து பிடிப்பது எளிய வழி. இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் தை, மாசி விடியலில் மூடுபனியை மறக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் லாரி நிறுத்தியிருப்பது பத்தடியில் வரும்வரை தெரியாது. தையில் வெயில் ஏறிப் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தையில் ஏரியின் மேற்குக் கரை, மாசியில் முகத்துவாரமும் கடற்கரையும், பங்குனியில் பாலத்தடியும் கடற்கரையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் வெந்நீர் கலக்குமிடத்தில் குளிர்நாளிலும் மீன் கூடும். ஆனால் அங்கே பிடித்ததைச் சாப்பிட நான் பரிந்துரைக்க மாட்டேன். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. கூடையும் வலையுமாக அந்த நீரையே நம்பி வாழும் குடும்பங்களுக்கு நேர்ந்த கேடு அது. அந்த ஆறு சுத்தமாக வேண்டும் என்று கேட்கும் குரலில் தூண்டில்காரர் குரலும் சேர வேண்டும்.

ஏரி யாருடையது

பழவேற்காட்டில் வெறும் நீர் என்று ஒன்று கிடையாது. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை வகுத்திருக்கிறது. கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் காத்துவருகின்றன. கழிநட்டு வலை கட்டியிருக்கும் இடத்தில், அதன் ஓட்டப் பாதையில், தூண்டில் போடக் கூடாது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்கள் பெரும்பாலும் பாட்டுக்குள் வரும். போய் நின்றதும் கரையில் வலை சீர்செய்துகொண்டிருப்பவரிடம், ‘அண்ணே, இங்க தூண்டில் போடலாமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் போடலாம் என்பார். எங்கே போட்டால் கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொல்வார். கூடாது என்றால் நகர்ந்துவிடுங்கள்.

இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் பெண்களை இந்தப் பருவத்தில் பார்ப்பீர்கள். அவர்கள் வேலை செய்யும் மேட்டைச் சுற்றிப் போங்கள். அறுந்த நரம்பும் முள்ளும் சேற்றில் கிடந்தால் முதலில் கிழிவது அவர்கள் விரல்தான்.

ஏரி பறவைகள் சரணாலயமும்கூட. பூநாரைகள் பங்குனி வரை மேட்டுநீரில் மேயும். அவை நிற்கும் பக்கம் போக வேண்டாம். சரணாலய எல்லைக்குள் எங்கே அனுமதி உண்டு, எங்கே இல்லை என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடல் பகுதியில் மீன்பிடிக்கத் தடை அறிவிப்பார்கள். விடுமுறைத் திட்டம் போடுமுன் அதையும் பாருங்கள்.

உயிர் முக்கியம்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டுக்கு உல்லாசமாக வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமைதியாகத் தெரியும் முகத்துவார நீர் எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஒரு நாளே போதும். வற்றம் வலுக்கும்போது நல்ல நீச்சல்காரரையும் கடலுக்குள் இழுத்துவிடும். முகத்துவாரத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மணல்திட்டில் நடந்து போனால் ஏற்றம் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். பின்னால் உள்ள பள்ளம்தான் முதலில் நிரம்பும். படகில் ஏறினால் உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள்.

பங்குனியில் காற்றே இல்லாத நாளிலும் தெற்கே வெகு தொலைவில் கிளம்பிய பேரலை திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அதே மையம் செயற்கைக்கோள் மூலம் கடலின் வெப்பத்தையும் பாசி வளத்தையும் கணித்து, மீன் கூடும் பகுதிகளையும் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு ஆழ்கடல் படகுகளுக்கானது. கரைத்தூண்டிலுக்கு அலை உயரமும் காற்றும்தான் வேண்டும். முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

நீர் சூடாகச் சூடாகச் சொறி எனப்படும் இழுதுமீன் கரைக்கு வரும், வெறுங்காலோடு இறங்காதீர்கள். வெதுவெதுப்பான மேட்டுநீரில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது முன்பே விலகிவிடும்.

எதை விடுவது

கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரிய கொடுவா என்றால் அது முட்டையிடும் தாய். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். சாணுக்கும் குறைவான குஞ்சையும் விடுங்கள். நண்டின் வயிற்றில் முட்டை இருந்தால் கையே வைக்காதீர்கள். பங்குனிச் சூட்டில் மீன் சீக்கிரம் களைத்துவிடும். விடப்போகிற மீனை நீரைவிட்டு வெளியே அதிக நேரம் வைக்காமல், ஓட்டத்தை எதிர்த்துத் தலையைப் பிடித்து, தானாக உதறும்வரை காத்திருந்து விடுங்கள். வைத்துக்கொள்வதைப் பிடித்த உடனே ஐஸில் போடுங்கள். தையில் தாங்குவதைவிடப் பங்குனியில் மீன் சீக்கிரம் கெட்டுவிடும்.

கிளம்புமுன்

– இன்றைய திதி என்ன? ஏற்றம் எத்தனை மணிக்கு?
– எந்த மாதம்? தை என்றால் முற்பகல், பங்குனி என்றால் விடியல்.
– கடந்த மூன்று நாளில் மழை உண்டா?
– காற்று, அலை எச்சரிக்கை உண்டா? ராக்கெட் நாளா?
– ஐஸ் பெட்டி, குறடு, தொப்பி, தண்ணீர், அறுந்த நரம்பைப் போட ஒரு பை.
– ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும். போன இடம், நேரம், நீரின் சூடு, நிறம், ஓட்டம், கிடைத்தது ஆகியவற்றை எழுதிவையுங்கள்.

அந்த நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். முகத்துவாரம் ஆண்டுதோறும் இடம் மாறுகிறது, மழையும் ஒரே மாதிரி பெய்வதில்லை. இந்தப் புத்தகம் பருவத்தின் போக்கைத்தான் சொல்ல முடியும். இந்த ஆண்டின் நீரை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு பருவம் விடாமல் எழுதுங்கள். மூன்றாவது தையில் எந்த ஞாயிறு எந்தக் கரைக்குப் போவது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்காது.